காஸ் தாங்கியும் வாய்க்காலும்: ஒரு வெடிப்பு இடர் மதிப்பீட்டுச் சேவை பற்றி

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியோரத்தில் நாங்கள் நடத்திவரும் உணவு பதனிடும் ஆலையில், மிளகாய் வறுப்பதற்கும், பப்பாசி, முருங்கையிலை போன்றவற்றை உலர்த்துவதற்கும் எல்.பி. காஸ் பயன்படுத்துகிறோம். தொடக்கத்தில் 37.5 கிலோகிராம் சிலிண்டர்கள் ஆறு போதுமாக இருந்தன. வேலை கூடியபின் 2 தொன் கொள்ளளவுடைய தாங்கி ஒன்றை நிறுவினோம். அதைத் தொடர்ந்து, காஸ் களஞ்சியத்துக்கான வெடிப்பு இடர் மதிப்பீடு ஒன்றைச் செய்வித்து அறிக்கையைச் சமர்ப்பிக்க வேண்டும் என்று காப்புறுதி நிறுவனம் கேட்டது. அந்த மதிப்பீட்டை எங்களுக்குச் செய்து தந்த கொழும்பு நிறுவனத்தின் சேவையைப் பற்றி எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. முதல் அறிக்கையில் நான் சுட்டிய குறைகளை அவர்கள் மறுக்காமல் ஏற்றுத் திருத்தினார்கள் என்பதால் அவர்களைப் பெயர் சொல்லிக் குறை கூற எனக்கு மனமில்லை. வன்னியில் ஆலை நடத்தும் ஒருவர் இத்தகைய சேவையை வாங்கும்போது எதைப் பார்த்து, எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

கட்டணம் 380,000 ரூபாய். அதில் ஒரு நாள் கள வருகை, கணிப்பு, ஆங்கில அறிக்கை, தமிழ்ச் சுருக்கம், ஊழியர்களுக்கான அரை நாள் பயிற்சி ஆகியவை அடங்கும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. இரண்டாவது கள வருகைக்கு நாங்கள் வாதாட வேண்டியிருந்தது. இறுதியில் போக்குவரத்துச் செலவை மட்டும் பெற்றுக்கொண்டு வந்தார்கள். இந்த மதிப்புரையில் நான் பாராட்டும் ஏறக்குறைய எல்லாமே அந்த இரண்டாவது வருகையில் நடந்தவை.

முதல் வருகையில் ஓர் இளம் பொறியியலாளர் வந்து, தாங்கியின் தகட்டில் உள்ள எண்களைக் குறித்துக்கொண்டு, படங்கள் எடுத்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னரே புறப்பட்டுவிட்டார். ஆறு வாரங்களில் அறிக்கை வந்தது. வானிலிருந்து எடுத்த படத்தின்மேல் தாங்கியை மையமாக வைத்து மூன்று வட்டங்கள் வரைந்திருந்தார்கள். உள்வட்டத்தில் எங்கள் ஆலை முழுவதும் இருந்தது. வெளிவட்டம் வீதிக்கு அப்பால் உள்ள வீடுகளையும் ஒரு முன்பள்ளியையும் தொட்டது. அந்தப் படத்தைப் பார்த்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

வட்டங்கள் எப்படி வந்தன என்பதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான அறிக்கைகளில் இதே கணக்குத்தான் வருகிறது. ஒரு கிலோகிராம் எல்.பி. காஸ் எரியும்போது ஏறத்தாழ 46 மெகாஜூல் வெப்பம் வெளிவரும். ஒரு கிலோகிராம் டி.என்.டி. வெடிமருந்தின் ஆற்றல் அதில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே 2,000 கிலோகிராம் காஸை 20,000 கிலோகிராம் டி.என்.டி.யாக மாற்றுகிறார்கள். வெளியேறிய காஸ் முழுவதும் வெடியாக மாறாது என்பதால் அதில் 5 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆயிரம் கிலோகிராம் டி.என்.டி. என்ற விடை வருகிறது. அதிலிருந்து 100 மீற்றரில் ஏறத்தாழ 13 கிலோபாஸ்கல் மேலழுத்தம், அதாவது வீட்டுச் சுவரும் கூரையும் பகுதியாக இடியும் அளவு. 200 மீற்றரில் ஏறத்தாழ 5 கிலோபாஸ்கல், அதாவது கண்ணாடிகள் நொறுங்கி ஓடுகள் பெயரும் அளவு. கணக்கில் பிழையில்லை. நானே கால்குலேட்டரை வைத்துச் சரிபார்த்தேன்.

ஆனால் அந்தக் கணக்கு எங்கள் நிலத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தாங்கியை ஒரு வெட்டவெளியில் வைத்தாலும் அதே வட்டம், அரிசி ஆலை ஒன்றின் நடுவே வைத்தாலும் அதே வட்டம். வெடிமருந்துக்கு அது பொருந்தும். காஸ் மேகத்துக்குப் பொருந்தாது. திறந்த வெளியில் தடையின்றிப் பரவிய காஸ் மேகம் தீப்பிடித்தால் பெரும்பாலும் பெருந்தீயாகப் பாய்ந்து எரிந்துவிடும். அதற்குள் அகப்பட்டவர் பிழைப்பது அரிது, எனினும் தொலைவில் உள்ள சுவரை இடிக்கும் அழுத்தம் அங்கு பிறப்பதில்லை. தீச்சுவாலை ஓடும் வழியில் குழாய்களும், தூண்களும், அடுக்கிய பொருட்களும், அடர்ந்த செடிகளும் இருந்தால், சுவாலை அவற்றில் மோதிச் சுழன்று வேகமெடுக்கும். அந்த வேகமே அழுத்தத்தை உண்டாக்குகிறது. இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் களஞ்சியத்தில் 2005 டிசம்பர் 11 ஆம் திகதி ஒரு பெற்றோல் தாங்கி நிரம்பி வழிந்து ஆவி மேகம் உண்டாகி வெடித்தபோது, எதிர்பார்த்ததைவிட மிகப் பெரிய அழுத்தம் எழுந்தது. வீதியோரம் நெருக்கமாக வளர்ந்திருந்த மரங்களும் புதர் வேலியும் சுவாலையை முடுக்கிவிட்டன என்று பின்னர் நடந்த ஆய்வுகள் கண்டன.

இதைப் படித்தபோதுதான் எங்கள் உயிர்வேலி என் நினைவுக்கு வந்தது. தாங்கிக்கு மேற்கே, பத்து மீற்றர் தொலைவில், கிளுவையும் பூவரசும் நெருக்கி நட்டு, இடையிடையே பனைமட்டை வரிந்து கட்டிய வேலி ஐம்பது மீற்றர் நீளத்துக்கு ஓடுகிறது. நாய் நுழையாத வேலி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அறிக்கையின் 84 பக்கங்களில் அந்த வேலி ஓரிடத்திலும் இல்லை. இதை எழுதி அனுப்பியபின் நிறுவனத்தின் மூத்த பொறியியலாளர் தாமே தொலைபேசியில் பேசினார். இரண்டாவது வருகைக்கு அவரே வந்தார்.

அவர் வந்த நாளின் முதல் இரண்டு மணித்தியாலம் தாங்கியின் பக்கம் போகவே இல்லை. வேலியோரமாக நடந்தார். பின்னர் ஆலையின் பின்புறம் உள்ள வாய்க்காலில் இறங்கினார். இரணைமடுத் தண்ணீர் வரும் கிளை வாய்க்கால் அது. சிறுபோக நீர் நிறுத்தப்பட்டபின் தரை தெரியக் காய்ந்து கிடந்தது. தாங்கி நிற்கும் மேடையிலிருந்து வாய்க்கால் வரை நிலம் எவ்வளவு சரிகிறது என்பதை ஒரு தெளிந்த பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்துப் பார்த்தார். நம் மேசன்மார் செய்யும் அதே முறை. 30 மீற்றருக்கு 80 சென்ரிமீற்றர் இறக்கம் இருந்தது.

எல்.பி. காஸில் கலந்துள்ள புரோபேன் வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்த காஸ் மேலெழுந்து கலைந்து போகாது, தண்ணீர் போலத் தாழ்ந்த பக்கம் ஓடும். வாய்க்காலில் இறங்கினால் இருபுறக் கரையும் காற்றை மறைத்துக்கொள்ளும். கலையாமல் அங்கேயே தங்கி, வாய்க்கால் போகும் வழியில் நகரும். வாய்க்காலின் கீழ்க்கரையில், எங்கள் எல்லையிலிருந்து அறுபது மீற்றரில், ஒரு குடும்பம் வாழ்கிறது. அவர்கள் விறகடுப்பில் சமைப்பவர்கள். அந்த வீட்டுக் குசினி வாய்க்காலை நோக்கித் திறந்திருக்கிறது. வட்டம் வரைந்த முதல் அறிக்கையில் அந்த வீடு, தாங்கியிலிருந்து அதே தொலைவில் உள்ள மற்ற வீடுகளோடு ஒன்றாக எண்ணப்பட்டிருந்தது. காற்றில் எரியக்கூடிய புரோபேனின் அளவு 2.1 முதல் 9.5 சதவீதம் வரை. அந்தக் கீழ்எல்லையைக் காஸ் அடர்த்தி எவ்வளவு தூரத்துக்குத் தாண்டி நிற்கும் என்பதே உண்மையான கேள்வி. எங்கள் நிலத்தில் அந்தத் தூரம் வட்டமாக இல்லை. வாய்க்காலின் பக்கம் நீண்டு, மேட்டுப் பக்கம் குறுகி, ஒரு நாக்கு நீண்டது போல இருக்கிறது. இரண்டாவது அறிக்கையில் வந்த படம் அப்படித்தான் இருந்தது. நான் கட்டணம் கொடுத்தது அந்த ஒரு படத்துக்காக என்று வைத்துக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை.

காற்றைப் பற்றியும் முதல் அறிக்கை தவறியிருந்தது. கட்டுநாயக்காவின் காற்றுத் தரவை வைத்து, வினாடிக்கு 5 மீற்றர் வேகம் என்ற ஒரே நிலையை மட்டும் கணித்திருந்தார்கள். வைகாசி தொடக்கம் ஆவணி வரை இங்கு அடிக்கும் சோழகத்தில் மண்ணே பறக்கும். அந்த நாட்களில் கசியும் காஸ் விரைவில் கலைந்துவிடும் என்பது உண்மை. தை, மாசி மாதங்களில் இரவு பத்து மணிக்குப் பின் இலை அசையாது. பனி இறங்கி, புகை தரையோடு படிந்து நிற்கும். எங்கள் அறுவடைக் கால இரவுப் பணி நடப்பதும் அந்த மாதங்களில்தான். வினாடிக்கு 1.5 மீற்றர் வேகமும் அசைவற்ற இரவுக் காற்றும் கொண்ட நிலையைச் சேர்த்துக் கணிப்பது இத்துறையில் வழமை. அது விடுபட்டது எனக்கு வியப்பாக இருந்தது. சேர்த்துக் கணித்தபின் எரியும் எல்லை வாய்க்கால் வழியே முன்னையதைப்போல் இரு மடங்குக்கு மேல் நீண்டது.

இப்போது கொட்டகையின் கதைக்கு வருகிறேன். ஆலையின் வடக்குச் சுவரோடு சாய்ப்பாக இறக்கி, மூன்று பக்கம் தகரம் அடைத்த ஒரு கொட்டகை இருக்கிறது. 20 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரம். மரத்தட்டுகளையும் அட்டைப்பெட்டிகளையும் கூரை வரை அடுக்கி வைத்திருந்தோம். பழைய 37.5 கிலோகிராம் சிலிண்டர்களில் இரண்டு, தாங்கி பழுதானால் உதவட்டும் என்று, அதன் வாசலில் நின்றன. மூத்த பொறியியலாளர் அந்தக் கொட்டகையின் நடுவில் நின்று தன் குறிப்பேட்டில் ஒரு கணக்குப் போட்டார். கொட்டகையின் கொள்ளளவு 360 கன மீற்றர். அதை முழுதும் மிக மோசமாக வெடிக்கும் கலவையாக நிரப்புவதற்கு எவ்வளவு காஸ் வேண்டும் என்று என்னையே கேட்டார். நூறு, இருநூறு கிலோகிராம் என்று சொன்னேன். விடை ஏறத்தாழ 27 கிலோகிராம். வாசலில் நின்ற சிலிண்டர் ஒன்றிலேயே அதைவிட அதிகம் இருந்தது.

தாங்கி வாங்கிய நாள் முதல் எங்கள் அச்சம் முழுவதும் தாங்கியின் மீதே இருந்தது. தடுப்புச் சுவர், எச்சரிக்கைப் பலகை, தீயணைப்பான் எல்லாம் தாங்கியைச் சுற்றியே வைத்தோம். மறந்துபோன இரண்டு பழைய சிலிண்டர்கள், அடைத்த கொட்டகை, அடுக்கிய மரத்தட்டுகள் மூன்றும் சேர்ந்து செய்யக்கூடியதை யாரும் எண்ணவில்லை. காஸ் களஞ்சியத்தின் ஆபத்தை அதன் நிறையை வைத்து மட்டும் மதிப்பிடுவது எவ்வளவு பெரிய தவறு என்பதை அந்த 27 கிலோகிராம் எனக்குக் காட்டியது. அன்று மாலையே சிலிண்டர்களைத் திருப்பி அனுப்பினோம். கொட்டகையின் இரண்டு பக்கத் தகரத்தைக் கழற்றி, கீழிருந்து மேல்வரை கம்பிவலை அடித்தோம்.

தாங்கிக்குக் காஸ் கொண்டுவரும் பவுசர் வண்டி பற்றி அறிக்கை சொன்னது அதற்கு அடுத்த முக்கிய விடயம். நெதர்லாந்தின் இடர் மதிப்பீடுகளில் பயன்படும் தரவுத் தொகுப்பின்படி, நன்கு பராமரிக்கப்பட்ட அழுத்தத் தாங்கி ஒன்று முழுதாகப் பிளந்து காஸை ஒரேயடியாக வெளிவிடுவதற்கான வாய்ப்பு, ஆண்டொன்றுக்கு ஒரு கோடியில் 5. அதே தொகுப்பில், பவுசரிலிருந்து நிரப்பும் நெகிழ்குழாய் முழுதாக அறுவதற்கான வாய்ப்பு, மணித்தியாலம் ஒன்றுக்கு பத்து இலட்சத்தில் 4. எங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பவுசர் வருகிறது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் இணைந்திருக்கிறது. ஆண்டுக்கு 26 மணித்தியாலம். பெருக்கினால் பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவு வருகிறது, அதாவது தாங்கி பிளப்பதைவிட இருநூறு மடங்கு. இந்தத் தரவு வேறு நாட்டின் ஆலைகளிலிருந்து வந்தது, வன்னியின் வெயிலில் கிடக்கும் குழாய் அறுவதற்கான வாய்ப்பு அதைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்று அறிக்கையே நேர்மையாகச் சொல்கிறது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

பவுசர் நிறுத்தும் இடத்தை அவர்கள் சொன்னபடி வாய்க்காலுக்கு எதிர்ப்பக்கம் மாற்றினோம். பவுசர் பின்னோக்கி வராமல் நேரே வந்து நேரே போகும்படி வாசலையும் திறந்தோம். ஓட்டுநர் குழாயைக் கழற்றாமலே வண்டியை எடுத்துவிடுவது உலகெங்கும் நடந்திருக்கிற விபத்து. அப்படி இழுபட்டால் தானே பிரிந்து இருபுறமும் அடைத்துக்கொள்ளும் இணைப்பை இப்போது பொருத்தியிருக்கிறோம். கூடவே, சில்லுக்குக் கட்டை வைத்து, மண்ணுக்கு மின்கம்பி பூட்டி, ஓட்டுநரின் சாவியை எங்கள் பொறுப்பாளர் கையில் வாங்கிய பின்னரே வால்வைத் திறக்க வேண்டும் என்ற ஒழுங்கும் வந்தது. முதல் தடவை சாவியைக் கேட்டபோது ஓட்டுநருக்குக் கோபம் வந்தது. நீர்கொழும்பு தொடக்கம் எங்கும் கேட்காத சாவி இங்கு மட்டும் எதற்கு என்றார். இப்போது அவரே வண்டியை விட்டு இறங்கும்போது சாவியை நீட்டிக்கொண்டு இறங்குகிறார்.

மணத்தைப் பற்றி ஒரு விடயம். எல்.பி. காஸுக்கு இயற்கையில் மணமில்லை. கசிவை அறிவதற்காக எத்தில் மேர்கப்டன் சேர்க்கிறார்கள். 2021 நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் அடுப்புகளும் சிலிண்டர் இணைப்புகளும் வெடித்தபோது, புரோபேன் கலவையின் வீதத்தோடு இந்த மணப்பொருளின் அளவும் பெரிய பேச்சாக இருந்தது. எங்கள் வறுவல் கூடத்தில் அதன் அளவு எவ்வளவாக இருந்தாலும் பயனில்லை. மிளகாய் வறுபடும் நேரத்தில் அங்கு நிற்பவரின் மூக்கு வேறெதையும் அறியாது. காஸ் கசிவை அறியும் உணரி ஒன்றைப் பொருத்தித்தான் இருந்தோம். அதை முன்னர் பொருத்தித் தந்தவர்கள் கூரைக்கு அருகில், மின்விசிறிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தரையோடு ஓடும் காஸுக்குக் கூரையில் காவல். இளம் பொறியியலாளர் முதல் வருகையிலேயே இதைக் கண்டுபிடித்தார் என்பதை அவருக்காகச் சொல்ல வேண்டும். இப்போது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நான்கு உணரிகள் இருக்கின்றன. எரியும் கீழ்எல்லையின் 20 சதவீதத்தில் எச்சரிக்கும், 40 சதவீதத்தில் காஸை அடைக்கும். மிளகாய்த் தூள் உணரியின் வடியில் படிந்து அதைக் குருடாக்கிவிடும் என்பதால், மாதம் ஒரு முறை சோதனை வாயு பாய்ச்சிப் பார்க்க வேண்டும் என்று எழுதித் தந்தார்கள். முதல் மாதச் சோதனையில் நான்கில் ஒன்று பதில் சொல்லவில்லை.

வேலைத்தலத்தில் வெல்டிங்குக்கென வைத்திருக்கும் அசெட்டிலீன், ஒட்சிசன் சிலிண்டர்கள் பற்றி அறிக்கையில் ஒரு பக்கமே இருந்தது, அதுவே போதும். இரண்டையும் 6 மீற்றர் பிரிக்க வேண்டும், அல்லது இடையில் தீயைத் தாங்கும் சுவர் வேண்டும். அசெட்டிலீனை நிமிர்த்தியே வைக்க வேண்டும். செப்புக் குழாயை அதற்குப் பயன்படுத்தவே கூடாது. செய்துவிட்டோம்.

வெள்ளம் அறிக்கையில் அறவே இல்லை. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு இப்பகுதி நீரில் மூழ்கியதைக் கண்டவர்களுக்கு இது சிறிய விடுபாடு அல்ல. எல்.பி. காஸின் திரவம் தண்ணீரின் பாதிக்குச் சற்று அதிகமான அடர்த்தியே உடையது. நிரம்பிய தாங்கியும் முழுதாக மூழ்கினால் மிதக்கும். வெறுமையாகியிருந்தால் பாதியளவு நீர் ஏறினாலே கிளம்பும். கிளம்பினால் முதலில் முறிவது குழாய். நாங்கள் கேட்டபின் ஒரு கூடுதல் பக்கம் எழுதி, தாங்கியின் கால்களை அடித்தளத்தோடு பிணைக்கும் ஆணிகளின் அளவைக் கணித்துத் தந்தார்கள். கட்டணம் கேட்கவில்லை.

பயிற்சி நாளில் நடந்ததை எழுதுவதா என்று நீண்ட நேரம் யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். எங்களிடம் வேலை செய்யும் அறுபது பேரில் பெரும்பாலானோர் பெண்கள். 2009 இன் முதல் மாதங்களில் எதைக் கடந்து வந்தார்கள் என்பதை இங்கு நான் விளக்கத் தேவையில்லை. பயிற்சியாளர் முன்னறிவிப்பில்லாமல் சைரனை ஒலிக்க விட்டார். திடீரெனச் செய்தால்தான் உண்மையான எதிர்வினை தெரியும் என்பது அவரின் முறை. மூன்று பெண்கள் வாசலை நோக்கி நடக்காமல் மேசைக்கடியில் படுத்துத் தலையைக் கைகளால் மூடிக்கொண்டார்கள். ஒருவர் நெடுநேரம் எழவில்லை. பயிற்சியாளர் முகம் வெளிறிப்போய் நின்றார். பின்னர் அவர் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார், அந்த வார்த்தைகள் உண்மையாகவே இருந்தன. ஆனாலும் வன்னிக்கு வந்து வெடிப்பைப் பற்றிப் பேசும் எவரும் இதை வருமுன்னே எண்ணியிருக்க வேண்டும். இதில் உள்ள பாதுகாப்புக் காரணமும் சிறியதன்று: காஸ் கசியும்போது தரையில் படுப்பது, காஸ் தேங்கும் இடத்தில் முகத்தை வைப்பதாகும். சைரனை எடுத்துவிட்டு, ஊழியர் ஒருவரின் குரலிலேயே பதிவு செய்த அறிவிப்பை வைத்திருக்கிறோம். வேலையை நிறுத்தி, விளக்கின் சுவிச்சைத் தொடாமல், கொடியைப் பார்த்து நடக்கும்படி அது மூன்று முறை சொல்கிறது.

அந்தக் கொடி எங்கள் காவலாளி ஐயாவின் யோசனை. இளமையில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர் அவர். அங்கு குளோரின் உற்பத்தி இருந்தது. குளோரினும் காற்றைவிடக் கனமான வாயு. ஒன்றுகூடும் இடம் கிழக்கு வாசல் என்று பயிற்சியாளர் பலகையில் எழுதியபோது அவர் எழுந்து, “தம்பி, வாசலை முதலே சொல்லாதேங்கோ. காத்து எங்காலை வருகுதெண்டு பாத்து, அதுக்குக் குறுக்காலை நடக்கவேணும்” என்றார். பயிற்சியாளர் பலகையை அழித்துவிட்டு, “ஐயா சொல்வதே சரி” என்று இரண்டு ஒன்றுகூடும் இடங்களைக் குறித்தார். ஆலையின் பனையில் இப்போது ஒரு வெள்ளைத் துணி பறக்கிறது.

தமிழ்ச் சுருக்கம் ஏமாற்றம் தந்தது. இயந்திரத்தில் போட்டு எடுத்த தமிழ் என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. பாதுகாப்பு வால்வு ஒரு பக்கத்தில் நிவாரண வால்வாகவும் அடுத்த பக்கத்தில் ஆறுதல் வால்வாகவும் இருந்தது. பவுசர் நிரப்பும் ஒழுங்கைப் படித்துச் செய்ய வேண்டியவர் எங்கள் பொறுப்பாளர். அவர் அந்த ஆங்கிலத்தையும் படிக்க முடியாமல், இந்தத் தமிழையும் புரிந்துகொள்ள முடியாமல் திண்டாடினார். இறுதியில் நானும் அவரும் இரண்டு இரவுகள் உட்கார்ந்து, குசினியிலும் வேலைத்தலத்திலும் புழங்கும் சொற்களை வைத்து மீண்டும் எழுதினோம். இதற்குரிய பணத்தை நிறுவனம் கழித்துத் தந்திருக்க வேண்டும். தரவில்லை.

இந்தச் சேவையை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பேனா என்றால், பரிந்துரைப்பேன், ஆனால் அவர்கள் வழமையாக நீட்டும் ஒப்பந்தத்தில் அப்படியே கையெழுத்திட வேண்டாம். கள வருகை இரண்டு வேண்டும், ஒன்று கோடையில், மற்றது மாரியில். கணிப்பவரே நிலத்துக்கு வர வேண்டும். சுற்றுப்புறத்தில் உள்ள கான், வாய்க்கால், வேலி, கொட்டகை, விறகடுப்பு, வைக்கோல் எரிக்கும் வயல் எல்லாம் படத்தில் இருக்க வேண்டும். இரவுக் காற்று கணக்கில் இருக்க வேண்டும். இவற்றை எழுத்தில் பெறாவிட்டால், காப்புறுதிக்காரரைத் திருப்திப்படுத்தும் வட்டங்கள் மட்டும் கைக்கு வரும். தூரத்தைப் பொறுத்தவரை 2 தொன் தாங்கிக்குக் கட்டடத்திலிருந்தும் எல்லையிலிருந்தும் 7.5 மீற்றர் என்ற பொது விதியை எவரும் சொல்லித் தருவார்கள். அதற்காக இவ்வளவு பணம் கொடுக்கத் தேவையில்லை.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. தாங்கியின்மேல் தீச்சுவாலை படும் நிலை வந்தால், சில நிமிடங்களிலிருந்து அரை மணித்தியாலத்துக்குள் உருக்கு வலுவிழந்து தாங்கி கிழியக்கூடும். அப்படி நேர்ந்தால் 2 தொன் காஸிலிருந்து எழும் தீப்பந்தின் விட்டம் 70 மீற்றரைத் தாண்டும், 5 வினாடிக்கு மேல் நிற்கும். அதைத் தடுக்கத் தாங்கியைத் தண்ணீரால் குளிர்விக்க வேண்டும். சதுர மீற்றருக்கு நிமிடம் 10 லீற்றர் என்ற அளவில், எங்கள் தாங்கியின் 18 சதுர மீற்றர் பரப்புக்கு ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 11,000 லீற்றர் வேண்டும். 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து தீயணைப்பு வாகனம் வரும்வரை மக்கள் காத்து நின்றதை நாங்கள் கண்டிருக்கிறோம். ஆகவே முதல் ஒரு மணித்தியாலத்துக்கு வேண்டிய நீர் எங்கள் வளவுக்குள்ளேயே இருந்தாக வேண்டும் என்று முடிவு செய்தோம். வாய்க்காலில் பம்பி வைத்து இறைக்கலாம் என்று அறிக்கை எழுதியிருக்கிறது. ஆவணியில் அந்த வாய்க்காலில் தண்ணீர் இருக்காது. இப்போதைக்கு 5,000 லீற்றர் பிளாஸ்ரிக் தொட்டி ஒன்று வாங்கி நிரப்பியிருக்கிறோம். இரண்டாவதுக்கு அடித்தளம் போட்டாயிற்று, மூன்றாவதுக்குரிய இடத்தை அளந்து கயிறு கட்டியிருக்கிறது.